வலிக்கு எத்தனை மார்க்?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்த எங்கள் பெரியம்மா, "ஏம்மா, இங்க வந்து பாரேன், காது அறுந்தே போச்சு!" என்று கூப்பிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தேன். ரத்தம் கித்தம் ஒன்றுமில்லை. அது ஒரே நாளில் அறுந்த காது அல்லவே! ஐம்பது அறுபது வருஷமாகத் தோடும் ஜிமிக்கியும் இழுத்து இழுத்து, துளை கோடாகி, கோடு நீண்டு, கடைசியில் மிச்சம் இருந்த நூல் சதையும் அன்றைக்கு விட்டுப் போயிருந்தது. இடது காதும் அதே பாதையில் முக்கால் தூரம் வந்திருந்தது.

பெரியம்மாவுக்கு வயது 78. தையில் பேத்திக்குக் கல்யாணம். "வெறுங் காதோட மணையில நின்னு அட்சதை போடறதா?" என்று ஒரே புலம்பல். "இதையெல்லாம் இப்ப தைச்சுடறாங்க பெரியம்மா, ஒரு மணி நேர வேலை" என்றேன். "தைக்கறதா? இன்னா, அது கிழிஞ்ச ரவிக்கையா?" என்றார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவரே மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றார்.

கலவையிலிருந்து ஆற்காட்டுக்கு ஒரு பஸ். அங்கிருந்து வேலூருக்கு ஒரு பஸ். வழியெல்லாம் பேச்சே இல்லை. எங்கள் பெரியம்மா பேசாமல் வருகிறார் என்றால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

டாக்டர் சின்னப் பெண்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் உள்ளே இருங்கம்மா, கூட ஆள் இருந்தா பாட்டிக்குத் தைரியமா இருக்கும்" என்றார். காதைச் சுற்றி மரத்துப் போக ஊசி போட்டார். சில நிமிஷம் காத்திருந்துவிட்டு, "பாட்டி, நான் கேக்கறப்போ எல்லாம் ஒரு நம்பர் சொல்லணும். வலியே இல்லேன்னா பூஜ்யம். இதுக்கு மேல ஒரு வலி இருக்கவே முடியாதுன்னா பத்து. சரியா?" என்றார்.

"இன்னாம்மா இது, பள்ளிக்கூடத்து மார்க்கு மாதிரி? நீ பாட்டுக்குச் செய். பரவால்ல."

வேலை ஆரம்பமாயிற்று. அறுந்த காதின் இரண்டு ஓரமும் பழைய தோல் மூடி ஆறிப் போயிருக்கும். அதை அப்படியே சேர்த்துத் தைத்தால் ஒட்டாது. ஓரத்தை மெல்லச் சீவிப் புதுப் புண்ணாக்கிப் பிறகுதான் தைக்க வேண்டும். கத்தி பட்ட சற்று நேரத்துக்கெல்லாம் டாக்டர் கையை நிறுத்திவிட்டார். அவர் பார்த்தது காதை அல்ல, பெரியம்மாவின் காலை. கால் விரல் பத்தும் உள்ளுக்கு மடங்கி, மெட்டி போட்ட விரல் வெளுத்துப் போயிருந்தது. முந்தானை முனை கைக்குள் கயிறாகத் திருகிக் கிடந்தது.

"பாட்டி, வலிக்குதா?"

"பரவால்லம்மா."

"பரவால்லேன்னு ஒரு நம்பர் கிடையாதே பாட்டி. எவ்வளவு, சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பெரியம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பன்னெண்டணா."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் பிறப்பதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே போன கணக்கு அது! 1957-இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா அல்லவா? பன்னிரண்டணா என்றால் முக்கால் பங்கு. பத்துக்கு ஏழரை. நான் விளக்கியதும் அந்தப் பெண் "ஏழரையா!" என்று பதறிக் கத்தியைக் கீழே வைத்தார். மறுபடி ஊசி. மறுபடி ஐந்து நிமிஷம். "இப்ப எத்தனை அணா பாட்டி?" "ஓரணா இருக்கும்." அதற்கப்புறம் இரண்டு காதும் தைத்து முடிகிற வரை கணக்கு இரண்டணாவைத் தாண்டவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த எனக்குத்தான் என்னவோ செய்தது. ஒரு பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது.

இருபது வருஷத்துக்கு முன்னால் என் முதுகில் ஒரு கொழுப்புக் கட்டி. ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மரத்துப் போகிற ஊசி அரைகுறையாகத்தான் பிடித்திருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குப்புறப் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தையலை எண்ணினேன். ஐந்து தையல். எழுந்து உட்கார்ந்தபோது முகமெல்லாம் கண்ணீர். அதைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர், "ஏம்மா, சொல்லியிருந்தா இன்னொரு ஊசி போட்டிருப்பேனே?" என்றார். மெய்யாகவே அவருக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஐந்து தையல் என்ன செய்தது தெரியுமா? சில வருஷம் கழித்துத் தோளில் ஒரு மச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தபோது, "ஐயோ, மறுபடி கத்தியா?" என்று ரவிக்கைக் கைக்குள் மறைத்து ஆறு வருஷம் ஓட்டினேன். கடைசியில் எடுத்துப் பரிசோதித்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. என் நல்ல காலம். பெரிதாகிற மச்சத்தை ஆறு வருஷம் மறைத்தவர்கள் எல்லாருக்கும் அப்படி வந்துவிடுவதில்லை.

ஏன் சொல்லாமல் இருக்கிறோம்? பிள்ளை பெறும்போதே "சத்தம் போடாதே, ஊர் சிரிக்கும்" என்று அதட்டி வளர்த்த ஜாதியல்லவா நாம்! அடுப்பில் சுட்டுக்கொண்டால் மாவைத் தடவிக்கொண்டு அடுத்த தோசையை வார்க்கிறோம். "அவ ரொம்ப பொறுமைசாலி" என்று நாலு பேர் சொன்னால் போதும், வலியை முந்தானையில் முடிந்துகொள்வோம். டாக்டரிடம் வேறு, "பெரிய படிப்புப் படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரு மரியாதை. தெரியாது, சகோதரிகளே! வலி ஒன்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் உண்டு, ரத்த அழுத்தத்துக்குப் பட்டி உண்டு, வலிக்கு ஒன்றும் கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்து பார்த்தார்கள். 1940-களில் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஹார்டி, வுல்ஃப் என்ற இருவரும் ஹெலன் குடெல் என்ற பெண்மணியும் சேர்ந்து ஒரு வலிமானி செய்தார்கள். நெற்றியில் கறுப்பு மையைப் பூசிவிட்டு, ஒரு விளக்கின் சூட்டைக் குவித்து மூன்று விநாடி பாய்ச்சுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றுவார்கள். எங்கே வலி ஆரம்பிக்கிறது, எந்தச் சூட்டில் முன்னதைவிட ஒரு படி கூடுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு 'டால்' என்று ஓர் அலகும் வைத்தார்கள். உச்சம் பத்தரை டால். அதோடு விட்டார்களா? பிரசவ வேதனையில் இருந்த பெண்களிடமும் போனார்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கையில் இந்தச் சூட்டை வைத்து, "இப்போது வந்து போன இடுப்பு வலி இந்த அளவு இருக்குமா?" என்று கேட்டார்களாம். பிள்ளை பெறுகிறவள் கையில் சூடு வைத்தா அளப்பது! படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கருவி நிலைக்கவில்லை. ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை கணக்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்த பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர் 1946-இல் ஒரு விஷயம் எழுதினார். பெரிய பெரிய காயத்தோடு வந்தவர்களிடம் "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று கேட்டால், சுமார் நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்களாம். அதே மாதிரி ஆபரேஷன் காயத்தோடு ஊரில் கிடப்பவர்களோ பெரும்பாலும் மருந்து கேட்டார்கள். சிப்பாய்க்கு அந்தக் காயம் சண்டையிலிருந்து உயிரோடு வீட்டுக்குப் போகக் கிடைத்த சீட்டு. ஊரிலிருப்பவருக்கு அதுவே வந்து சேர்ந்த ஆபத்து. காயத்தின் நீள அகலத்தைப் பார்த்து வலி இவ்வளவு என்று வெளியாள் சொல்ல முடியாது.

ஆகவே டாக்டர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எது? நோயாளியின் வாய்தான். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, இந்தக் கோடி வலியே இல்லை, அந்தக் கோடி தாங்கவே முடியாத வலி, உன் வலி எங்கே இருக்கிறது, ஒரு புள்ளி வை என்பார்கள். லண்டன் டாக்டர் ஹஸ்கிசன் 1974-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தக் கோடு எங்கும் பரவிற்று. அந்தக் கோட்டையே வாயால் சொல்வதுதான் இந்தப் பூஜ்யம் முதல் பத்து. மூன்று வரை லேசு, நாலிலிருந்து ஆறு நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் கடுமை என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கு எண் வராது. அவர்களுக்கு ஆறு முகங்கள் வரைந்த அட்டை. 1980-களில் அமெரிக்காவில் டானா வாங் என்ற நர்ஸும் கானி பேக்கர் என்பவரும் ஆஸ்பத்திரிக் குழந்தைகளிடமே கேட்டுக் கேட்டு உருவாக்கியது. முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். எங்கள் பெரியம்மா தனக்கென்று பதினாறணா அளவு கொண்டுவந்தாரே, அதுவும் இதே ஜாதிதான்!

உங்கள் ஏழும் என் ஏழும் ஒன்றா என்றால் இல்லை. ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் ஏழு, இரண்டாக இறங்கிற்றா என்பதுதான் டாக்டருக்கு வேண்டியது. முகத்தில் வருகிற சில வகைத் தோல் புற்றுக்கு 'மோஸ்' என்று ஒரு முறை உண்டு. 1930-களில் ஃபிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்கர் ஆரம்பித்தது. ஒரு மெல்லிய அடுக்கை வெட்டி எடுத்து, அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்வரை நோயாளி கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னும் மிச்சம் இருந்தால் மறுபடி வெட்டுவார்கள். முழு விழிப்போடு, சில சமயம் அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். காலையில் போட்ட ஊசி மத்தியானம் வரை நிற்குமா? ஒவ்வொரு சுற்றிலும் "இப்போது எத்தனை?" என்று கேட்டால்தான் தெரியும்.

எண் மட்டும் போதாது, வலியின் குணமும் வேண்டும் என்று சொன்னவர் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக். 1975-இல் அவர் 78 வலிச் சொற்களை இருபது பிரிவாக அடுக்கி ஒரு கேள்வித்தாள் போட்டார். எழுபத்தெட்டு என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டுத் திண்ணையில் அரை மணி உட்கார்ந்தால் போதுமே! சுருக்கென்று குத்துகிறது, குடைகிறது, விண் விண்ணென்று தெறிக்கிறது, கடுக்கிறது, எரிகிறது, காந்துகிறது, சுண்டி இழுக்கிறது, பிடுங்குகிறது, உளைகிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது, பிசைகிறது, மதமதவென்று இருக்கிறது. இதில் ஒன்றும் இன்னொன்றுக்கு ஈடில்லை என்பது நமக்குத் தெரியும். தோல் ஆபரேஷனிலும் இந்தச் சொற்கள் உதவும். "சுருக்குன்னு குத்துது" என்றால் ஊசி பிடிக்காத இடத்தில் கத்தி படுகிறது. "எரியுது" என்றால் மருந்து உள்ளே போகிற எரிச்சலாக இருக்கலாம். மறுநாள் "விண் விண்ணுன்னு தெறிக்குது" என்றால் அதற்கு வேறு அர்த்தம், பின்னால் சொல்கிறேன்.

இந்த மரக்க வைக்கிற மருந்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். லிக்னோகெய்ன் என்று பெயர். ஸ்வீடன் தேசத்தில் லோஃப்கிரன் என்பவர் 1943-இல் தயாரித்தது, 1948-இல் சைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நரம்பு இழை வழியாகச் சேதி போகிற கதவைத் தற்காலிகமாக அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வலியைக் கொண்டுபோகிற மெல்லிய இழைகள்தான் முதலில் அடங்கும். தொடுவதையும் அழுத்துவதையும் சொல்கிற தடித்த இழைகள் பெரும்பாலும் விழித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் டாக்டர் இழுப்பது தெரியும், நூல் போவது தெரியும், வலி மட்டும் தெரியாது. பலர் இந்த இழுப்பையே வலி என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். வேறு சிலர் மெய்யான வலியையே "இழுப்புத்தான் போலிருக்கு" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். என்னைப் போல!

இழுக்கிறது, அழுத்துகிறது என்றால் சரி. குத்துகிறது, அறுக்கிறது, சுடுகிறது என்றால் அந்த நிமிஷமே சொல்லுங்கள். தலையை ஆட்டாதீர்கள், உடம்பைத் துள்ளாதீர்கள். கத்தி கையில் இருக்கிறது. வாயால் சொல்லுங்கள். பேச முடியாத இடத்தில், உதட்டிலோ மூக்கிலோ வேலை நடந்தால், "வலிச்சா இடது கையைத் தூக்கறேன்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மருந்து உள்ளே போகும்போது எரிவதற்குக் காரணம் அது கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது. சில டாக்டர்கள் அதில் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது கலந்து எரிச்சலைக் குறைப்பார்கள். ஆமாம், நம் ஆப்ப சோடாவின் ஜாதிதான். ஊசிக்கென்று சுத்தமாகத் தயாரித்தது. மெல்லிய ஊசியால் நிதானமாகச் செலுத்தினாலும் வலி குறையும். ஊசிக்கே நடுங்குகிற குழந்தைகளுக்கு முன்னாடியே பூசுகிற மரக்கும் களிம்பு இருக்கிறது. பூசி, மேலே மூடி, சுமார் ஒரு மணி நேரம் விட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிட்டு "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று களிம்பைத் திட்டாதீர்கள். சீழ் கோத்த கட்டியில் ஊசி சரியாகப் பிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வலித்தால் அது உங்கள் கோழைத்தனம் அல்ல. ரத்தக் கசிவைக் குறைக்க இதோடு அட்ரினலின் சேர்ப்பதுண்டு. கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கலாம். இருதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னும் எத்தனை ஊசி போடலாம் என்பதற்கு உடம்பின் எடைக்குத் தக்கபடி ஒரு வரம்பு உண்டு. ஓர் ஊசிக்கு மேல் போடவே கூடாது என்று பயப்பட வேண்டியதில்லை, கணக்கு டாக்டர் கையில் இருக்கிறது.

காதைத் தைத்துக்கொண்டு வெளியே வந்த பெரியம்மா, பஸ் ஸ்டாண்டில் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "என் காதே இல்ல மாதிரி கீது. யாரோ ஒருத்தர் காதை ஒட்ட வெச்ச மாதிரி." கிள்ளிப் பார்க்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மரத்த இடத்தைக் கிள்ளக் கூடாது, சூடாக எதுவும் வைக்கக் கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். காயம் பட்டாலும் தெரியாதல்லவா?

பெரியம்மாவுக்கு இரண்டு மணி நேரம் மரத்தது. வாழ்நாள் முழுக்க மரத்துப் போனவர்களைக் கவனித்த ஊரும் இதே வேலூர்தான். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் மடங்கிப் போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். நோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவர் பார்த்தது வேறு. அடைத்துக்கொண்ட பூட்டைத் திறக்கச் சாவியைத் திருகின ஒரு பையனின் விரல், எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. ராத்திரி தூக்கத்தில் சிலருக்கு விரல் குறைந்துகொண்டே வந்த மர்மத்தைத் துப்புத் துலக்கினால், எலி! கடித்தால் விழிப்பதற்கு வலி வேண்டுமே? பூனை வளர்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினாராம். நோய் வலியைத்தான் தின்கிறது, வலி இல்லாத கையைக் காயங்கள் தின்கின்றன என்று அவர் நிரூபித்தார். பிற்பாடு 1966-இல் அமெரிக்கா போய், வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்யவும் பார்த்தார். கையுறையில் உணர்கருவி, அழுத்தம் கூடினால் காதில் ஓசை. யாரும் ஓசையை மதிக்கவில்லை. அக்குளில் மின்சார அதிர்ச்சி கொடுத்தார். வேலை முடிய வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை பார்த்தார்கள்! அணைக்க முடியாததுதான் வலியின் பலம் என்று தெரிந்துகொண்டு அந்த முயற்சியை விட்டார். 1993-இல் அவர் எழுதிய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் குஷ்டரோக ஆராய்ச்சிக்கென்றே ஷிஃபலின் நிலையம் ஏற்பட்டது. இத்தகைய இடங்களில் வலியை அல்ல, வலியின்மையை அளக்கிறார்கள். பல தடிமனில் நைலான் நூல்கள் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நூலும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லித் தொடுவார்கள். தெரிந்தால் சொல்ல வேண்டும். பாதத்தில் பத்து கிராம் நூல் பட்டும் தெரியவில்லை என்றால், முள் குத்தினாலும் காப்பாற்றிக்கொள்ள அந்தக் காலால் முடியாது. இப்போது சர்க்கரை வியாதிக்காரர்களின் பாதத்தையும் இதே நூலால்தான் சோதிக்கிறார்கள். இங்கேயும் பாருங்கள், நூல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், "தெரியுது", "தெரியல" என்று சொல்ல வேண்டியது நோயாளிதான்.

எங்கள் தெருவில் ஒரு பெண். ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் மெஷின் தைக்கிறாள். காலையில் வேன் வந்து கூட்டிப் போகும். முன்கையில் வெளுத்த படை. தேமல் என்று ஒரு வருஷம் களிம்பு போட்டாள். ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது கை பானையில் பட்டுக் கொப்புளம் வந்திருக்கிறது. "எனக்குத் தெரியவே இல்லக்கா. உன் கை கொப்புளிச்சிருக்கேன்னு என் மாமியார் சொல்லித்தான் பார்த்தேன்" என்றாள், ஏதோ கெட்டிக்காரத்தனம் மாதிரி. எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. மறுநாளே அழைத்துப் போனோம். பேனா முனையால் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு துளித் தோல் எடுத்துப் பரிசோதித்தார்கள். ஆரம்ப நிலை. கூட்டு மருந்து 1980-களிலிருந்தே வந்துவிட்டது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் நோய் குணமாகும், மருந்து இலவசம். அவளுக்கு முடிந்துவிட்டது. வேலையை விடவில்லை, கல்யாணம் காட்சிக்கும் வருகிறாள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் தள்ளி உட்காருகிற புண்ணியவதிகள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டு ஆண்கள் டேனரியிலோ, குரோமியம் புழங்குகிற ரசாயன வேலையிலோ இருந்தால் கை விரல்களைப் பாருங்கள். குரோமியத்தில் ஒரு வகை, தோலில் வட்டமாகக் குழி போட்டுத் துளைக்கும். பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கல, விடு" என்பார்கள். வலிக்காததற்காகத்தான் அதைக் காட்ட வேண்டும்.

சரி, பெரியம்மாவுக்கு வருவோம். வீடு வந்து சேர்கையில் மரப்பு இறங்கி, காது நாலணாவுக்கு வந்திருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த பாரசிட்டமால் மாத்திரையை வலி ஏறும்வரை காத்திராமல் கொடுத்துவிட்டேன். ராத்திரி இரண்டணா. மறுநாள் ஓரணா. இப்படி இறங்கிக்கொண்டே வர வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளுக்கு மேல் இறங்குவதை விட்டு ஏற ஆரம்பித்தால், விண் விண்ணென்று தெறித்து, தொட்டால் சூடாக, சிவந்து வீங்கினால், சீழ் பிடிக்கிறது என்று சந்தேகப்பட்டு உடனே காட்ட வேண்டும். இதற்காகவே தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் காலையும் மாலையும் எண்ணைக் குறித்து வைத்தேன். தையல் பிரிக்கப் போனபோது அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் சிரித்துக்கொண்டே வாங்கிக் கடைசிவரை படித்தார். புதுத் துளை குத்த இரண்டு மாதமாவது போகட்டும், தைத்த கோட்டின் மேலேயே குத்தக் கூடாது, சற்றுத் தள்ளித்தான் குத்த வேண்டும், இனி கனமான ஜிமிக்கி கூடாது என்றார். கனத்தைப் பற்றிய அந்தப் பேச்சு மட்டும் பெரியம்மா காதில் விழவில்லை.

மார்கழிக் கடைசியில் துளை குத்தினார்கள். "எத்தனை அணா?" என்று நான் கேட்பதற்குள் "அரையணாகூட இல்ல, போடி" என்றார்.

கல்யாணத்துக்குச் சின்னக் கல் தோடு. ஜிமிக்கியைப் பேத்திக்கே கொடுத்துவிட்டார். இப்போது முழங்கால் வலிக்கும் அணாக் கணக்குத்தான். நேற்று காலை கூடத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு வலது கால் ஆறணா, இடது கால் மூணணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா தலையைத் தூக்காமலே, "ஆகக் கூடி ஒம்பதணா. இத்தனை வருஷமா ஒரு பைசாகூடச் சொன்னதில்லையேடி நீ?" என்றார். பெரியம்மா அவரைப் பார்த்தார். "நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றார்.